இரண்டாம் கட்டளையைத் தூக்கியது யார்?

ஆகஸ்ட் 24, இரவு 9.50 (கேள்வி)

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களிடம் ஈ.சி.ஆர். ரோட்டில் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுக்கிறார்கள். தலைப்பு: "கத்தோலிக்கர் கிறிஸ்தவர்களா?" சிலை வைத்துக்கொள்வதற்காக ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) சபை பத்துக் கட்டளையில் இரண்டாவதை, அதாவது விக்கிரகம் செய்யாதே என்பதை, தூக்கிவிட்டதாம். எண்ணிக்கை குறையக் கூடாதே என்று கடைசிக் கட்டளையை இரண்டாக வெட்டிக்கொண்டதாம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஞானோபதேசத்தையும், அதாவது மறைக்கல்விச் சிறுநூலையும், ஆர்.சி. ஞானோபதேசத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எண்கள் நிஜமாகவே ஒத்துப்போகவில்லை. யாராவது சண்டை போடாமல் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 24, இரவு 11.15

சண்டை இல்லாமல் சொல்வதுதான் கஷ்டம். பார்ப்போம்.

கட்டளை எங்கும் போகவில்லை, எண்ணும் முறைதான் வேறு. யாத்திராகமம் 20:2-17, உபாகமம் 5:6-21 இரண்டு இடத்திலும் முதலாவது, இரண்டாவது என்ற இலக்கமே கிடையாது. பத்து என்ற மொத்தக் கணக்கு யாத் 34:28, உபா 4:13 போன்ற இடங்களில் தனியாக வருகிறது. "செய்யாதே", "செய்" என்பவற்றை ஒவ்வொன்றாக எண்ணினால் பத்தைத் தாண்டும். அதனால் எல்லாருமே எங்கோ சேர்க்கிறார்கள், எங்கோ பிரிக்கிறார்கள். யூதர்களுக்கு "உன் கடவுளாகிய ஆண்டவர் நானே" என்பதே முதல் வார்த்தை. ஆர்த்தடாக்ஸ், கால்வின் வழிச் சபைகள், ஆங்கிலிக்கன், அதன் வழியாக நம்மூர் சி.எஸ்.ஐ. எல்லாரும் விக்கிரகத் தடையைத் தனியாக இரண்டாவது என்று எண்ணி, பிறர் மனைவி, பிறர் உடைமை மீதான இச்சைகளை எல்லாம் பத்தாவதில் அடக்குகிறார்கள். கத்தோலிக்கர் புனித அகுஸ்தீனார் வழி: வேறு தெய்வமும் விக்கிரகமும் சேர்ந்து ஒரே கட்டளை, இச்சை மட்டும் இரண்டு.

பிரசுரம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. லூத்தரும் அகுஸ்தீனார் கணக்கைத்தான் வைத்துக்கொண்டார். அவருடைய 1529 சிறு ஞானோபதேசத்தின் பத்துக் கட்டளையில் விக்கிரக வரி அறவே இல்லை. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு முதல் இன்றைய தமிழ் லுத்தரன்கள் வரை கொலை ஐந்தாவது, விபசாரம் ஆறாவது. ஆக, கட்டளையைத் திருடியவர்கள் பட்டியலில் புரொட்டஸ்டண்ட் மதத்தைத் தொடங்கியவரையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஆகஸ்ட் 25, காலை 7.05

ராத்திரி எழுதியதில் கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டேன். பிரசுரத்தில் பாதி நியாயம் இருக்கிறது. கத்தோலிக்க ஜெபப் புத்தகத்தில் இருப்பது மனப்பாடத்துக்கான சுருக்கம், அதில் விக்கிரக வசனம் வராது. ஞாயிறு மறைக்கல்வியில் அதை மட்டும் ஒப்பித்து வளர்ந்த பிள்ளை, அந்த வசனத்தை முதன்முதலாக ஒரு பாஸ்டர் வாயிலிருந்துதான் கேட்கிறது. "இதை உங்கள் சாமியார் மறைத்துவிட்டார்" என்று அவர் சொன்னால் பிள்ளை நம்பத்தான் செய்யும். 1992-இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2129 முதல் 2132 வரையுள்ள எண்களில் இந்த வசனத்தை நேரடியாகவே எடுத்துப் பேசுகிறது. ஆனால் பங்கில் அதைப் பிரித்துப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

இன்னொன்று. இரண்டு சபைக்காரர்கள் இருக்கும் வீட்டில் "ஆறாம் கட்டளையை மீறிவிட்டான்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். ஆர்.சி. காதில் அது மோகபாவம். சி.எஸ்.ஐ. காதில் கொலை.

ஆகஸ்ட் 25, மதியம் 1.30

திருத்தம். லூத்தர் கணக்கும் கத்தோலிக்கக் கணக்கும் ஒன்று என்றேன். முதல் எட்டு வரை சரி, கடைசி இரண்டில் வித்தியாசம் இருக்கிறது. யாத் 20:17-இல் பிறனுடைய வீடு முதலில், மனைவி பிறகு. உபா 5:21-இல் மனைவி முதலில். கத்தோலிக்கர் உபாகம வரிசையைப் பிடித்து, ஒன்பதாவது பிறர் தாரம், பத்தாவது பிறர் உடைமை என்கிறார்கள். லூத்தர் யாத்திராகம வரிசைப்படி ஒன்பதாவது வீடு, பத்தாவது மனைவி, வேலையாள், கால்நடை என்று வைத்தார். மனைவியை மாட்டோடு சேர்த்த பட்டியல் யாருடையது என்று கேட்டால் தகராறு வரும், விட்டுவிடுகிறேன்.

ஆகஸ்ட் 26, மாலை 6.20

"சரி, எண் கதை இருக்கட்டும். சிலையை வணங்குகிறார்களா இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

தமிழில் இந்தச் சண்டை பாதி வார்த்தையால் வருகிறது. கத்தோலிக்கர் மாதா சிலை என்று சொல்வது குறைவு, சுரூபம் என்பார்கள். புரொட்டஸ்டண்ட் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் யாத் 20:4-ஐப் படித்துப் பாருங்கள். "ஒரு சொரூபத்தையாகிலும் யாதொரு விக்கிரகத்தையாகிலும்" உண்டாக்க வேண்டாம் என்று இருக்கிறது. கத்தோலிக்கர் பெருமையோடு சப்பரத்தில் தூக்கிவரும் பொருளின் பெயரே அந்த வசனத்தில் தடையாக நிற்கிறது! பெந்தெகொஸ்தே காரருக்கு வேறு சாட்சி எதற்கு?

அடுத்தது வணக்கம். கிரேக்கத்தில் கடவுளுக்கு உரியது லாத்ரியா, புனிதர்களுக்கு தூலியா, மரியாளுக்கு ஹைப்பர்தூலியா. 787-இல் கூடிய இரண்டாம் நிக்கேயா சங்கம் (ஆயர்களின் பேரவை) படங்களுக்கு மரியாதை செலுத்தலாம், ஆராதனை கடவுளுக்கு மட்டுமே என்று கோடு போட்டது. தமிழ்க் கத்தோலிக்கர் முதலாவதை ஆராதனை என்றும் மற்றதை வணக்கம் என்றும் பிரித்துக்கொண்டார்கள். ஆனால் வணக்கம் என்ற தமிழ்ச் சொல் எதிரே வருபவருக்கும் சொல்வது, தெய்வத்துக்கும் சொல்வது. 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகத்தின் பெயரே தம்பிரான் வணக்கம், அங்கே வணக்கம் முழுக்க முழுக்கக் கடவுளுக்கு. அதே சொல்லை மாதா வணக்கமாதம் என்றும் போட்டுவிட்டு, "இது வேறே வணக்கம்" என்று விளக்கம் சொன்னால் வெளியாள் சிரிக்கத்தான் செய்வார்.

வசனப் போரில் இரண்டு பக்கமும் ஒரே பாம்பைப் பிடிக்கிறார்கள். எண்ணாகமம் 21-இல் மோசே வெண்கலச் சர்ப்பம் செய்தார், கடவுள் செய்யச் சொன்னார் என்பார் கத்தோலிக்கர். 2 இராஜாக்கள் 18:4-இல் அதே சர்ப்பத்துக்கு ஜனங்கள் தூபம் காட்டியதால் எசேக்கியா அதை உடைத்துப்போட்டார் என்பார் பாஸ்டர். இரண்டுமே சரியான மேற்கோள். சேர்த்து வாசித்தால், செய்வது குற்றமில்லை, ஒரு கட்டத்துக்குப் பிறகு ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று வருகிறது. சுரூபத்துக்குப் பட்டுச் சேலை கட்டி, காலைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்ளும் பக்தியை நிக்கேயாக் கோட்டுக்கு எந்தப் பக்கம் வைப்பது என்று கத்தோலிக்கக் குருக்களே முணுமுணுப்பதுண்டு.

ஆகஸ்ட் 26, இரவு 10.40

சொல் விஷயத்தில் ஒன்று விட்டுப்போச்சு. தவக்காலத்தின் முதல் நாளுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்த பெயர் திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பல் வேறு. புரொட்டஸ்டண்டுகள் சாம்பல் புதன் என்று சொல்லித் தப்பித்தார்கள், அவர்களில் பெந்தெகொஸ்தேகாரருக்கு அந்தப் புதனும் கிடையாது.

ஆகஸ்ட் 27, காலை 8.15

வேதாகமத்தில் எத்தனை புத்தகம் என்ற கேள்விக்கு.

புரொட்டஸ்டண்ட் 66: பழைய ஏற்பாடு 39, புதியது 27. கத்தோலிக்கம் 73: பழையது 46, புதியது 27. கூடுதல் ஏழு: தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு. எஸ்தரிலும் தானியேலிலும் சில கூடுதல் பகுதிகள். இவற்றுக்கு புரொட்டஸ்டண்ட் தமிழில் தள்ளுபடி ஆகமங்கள் என்று பெயர், கத்தோலிக்கத் தமிழில் இணைத்திருமுறை நூல்கள். பெயரிலேயே தீர்ப்பு எழுதியாயிற்று.

ஏன் இவ்வளவு சூடு? 2 மக்கபேயர் 12:43-46. யூதா மக்கபே போரில் இறந்தவர்களின் பாவத்துக்காகப் பணம் திரட்டி எருசலேமுக்குப் பலி கொடுக்க அனுப்புகிறார். இறந்தவர்களுக்காக வேண்டுவதற்கும் உத்தரிக்கிற ஸ்தலத்துக்கும் (மோட்சத்துக்கு முன் ஆன்மா சுத்திகரிக்கப்படும் நிலை) கத்தோலிக்கர் முதலில் காட்டும் இடம் இது. புத்தகத்தை வெளியே வைத்தால் வசனமும் வெளியே போய்விடும்.

"ரோமாபுரி 1546-இல் திரெந்து சங்கத்தில் இந்த ஏழையும் புதிதாகக் கூட்டிக்கொண்டது" என்பது ஒருபக்கத்துப் புளுகு. "லூத்தர் கிழித்தெறிந்தார்" என்பது மறுபக்கத்துப் புளுகு. லூத்தரின் 1534 முழு வேதாகமத்தில் இவை இரண்டு ஏற்பாட்டுக்கும் நடுவில் அச்சாகியிருக்கின்றன, மறைநூலுக்குச் சமமில்லை ஆனால் படிக்க நல்லவை என்ற குறிப்போடு. 1611 ஆங்கில கிங் ஜேம்ஸிலும் இருந்தன. பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் 1826 வாக்கில் பெரிய தகராறுக்குப் பிறகு இவற்றை அச்சிடுவதற்குப் பணம் தருவதில்லை என்று முடிவெடுத்தது. மலிவு விலை வேதாகமங்கள் உலகமெங்கும் 66-ஆகப் பரவியதில் அந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழில் இந்தப் புத்தகங்களை 1728-இல் அச்சேற்றியது தரங்கம்பாடி லுத்தரன் அச்சகம், மொழிபெயர்த்தவர் ஷுல்ட்சே. நம்மூர்ப் பிரசுரக்காரர்களுக்கு இது தெரியாது, தெரிந்தால் லுத்தரன்களையும் பட்டியலில் சேர்ப்பார்கள்.

ஆகஸ்ட் 28, இரவு 9.00

நேற்றைய குறிப்பைப் படித்தால் திரெந்து புதிதாக எதுவுமே செய்யவில்லை என்று தோன்றும். அதுவும் சரியில்லை. இந்தப் புத்தகங்களை ஹிப்போ (393), கார்த்தேஜ் (397) என்ற ஆப்பிரிக்க வட்டாரச் சங்கங்கள் முன்பே ஏற்றன, புளோரன்ஸ் சங்கம் 1442-இல் பட்டியலே வெளியிட்டது. ஆனாலும் வேதாகமத்தை லத்தீனில் பெயர்த்த எரோணிமுஸ் காலம் தொட்டு எபிரேயத்தில் உள்ளவை மட்டுமே முழு அதிகாரம் என்ற குரல் கத்தோலிக்கத்துக்குள்ளேயே ஓயவில்லை. லூத்தரை நேரில் விசாரித்த கர்தினால் கயேத்தானே எரோணிமுஸ் பக்கம் நின்றவர். ஏற்காதவன் சபைக்கு வெளியே என்று கதவைச் சாத்தியது 8 ஏப்ரல் 1546. பழைய பட்டியல், புதிய பூட்டு.

1995-இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் இரண்டு தரப்பு அறிஞர்களும் உட்கார்ந்தார்கள். இணைத்திருமுறை நூல்கள் இரண்டு ஏற்பாட்டுக்கும் நடுவில் தனிப் பகுதியாக வந்தன, அதாவது லூத்தர் வைத்த இடத்தில். கத்தோலிக்கப் பங்குகள் அதை எடுத்துக்கொண்டன. புரொட்டஸ்டண்ட் பீடங்களில் இன்னும் பழைய மொழிபெயர்ப்புதான். கர்த்தரை ஆண்டவராகவும் பரிசுத்த ஆவியைத் தூய ஆவியாகவும் மாற்ற நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 29, மாலை 7.45

இன்று வேளாங்கண்ணியில் கொடியேற்றம். பிரசுரம் இன்னும் கொடுக்கிறார்களாம்.

இந்த வசவு புதிதில்லை. தமிழில் இதற்கு முந்நூறு வயது. கத்தோலிக்கர் மறுதரப்பைப் பதிதர் (நெறி தவறியவர்) என்றார்கள், மறுதரப்பு பாப்பு (போப்) மார்க்கத்தார் என்றது. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் தரங்கம்பாடிக்காரர்களுக்கு எதிராக வேத விளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு என்று மூன்று உரைநடை நூல் எழுதினார். தமிழ் உரைநடை வளர்ந்த கதையில் இந்தச் சண்டைக்கும் இடம் உண்டு.

பெயரிலும் அது தங்கிவிட்டது. பேதுரு, பவுல், யோவான் என்றால் புரொட்டஸ்டண்ட். இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்றால் பழைய கத்தோலிக்கம். பவுலுஸ் என்றால் லத்தீனில் சின்னவர், அதுதான் சின்னப்பர். சவேரியார் சவரிமுத்து ஆனார். கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயரைப் பார்த்தாலே எந்தக் கோயில் என்று தெரிந்துவிடும். இப்போது இரண்டு பக்கமும் ஜோயல், ஜெரின் என்று வைப்பதால் அந்த வசதியும் போச்சு.

ஆகஸ்ட் 30, இரவு 10.10

ஒரு நண்பர் "புரொட்டஸ்டண்ட் எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்" என்கிறார். நியாயம். இந்தப் பிரசுரம் சி.எஸ்.ஐ. எழுதியதாக இருக்க வாய்ப்பு குறைவு, அந்த அடிப்படைவாதச் சபைகளின் கணக்கில் சி.எஸ்.ஐ. காரரும் பெயர்க் கிறிஸ்தவர்தான், இரட்சிக்கப்படாதவர்.

அடிப்படைவாதம் என்ற சொல்லுக்கே ஒரு பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. அமெரிக்காவில் 1910 முதல் 1915 வரை எண்ணெய் வியாபாரி லைமன் ஸ்டூவர்ட் பணத்தில் 'தி ஃபண்டமென்டல்ஸ்' என்று 12 தொகுதி, 90 கட்டுரை அச்சிட்டுப் போதகர்களுக்கு இலவசமாக அனுப்பினார்கள். பெரும்பாலும் நவீன வேத விமர்சனத்துக்கு எதிரானவை. நடுவில் ஒரு கட்டுரையின் தலைப்பு, ரோமானியம் கிறிஸ்தவமா என்ற கேள்வி. ஈ.சி.ஆர். பிரசுரத்தின் தலைப்புக்கு நூறு வயது தாண்டியாயிற்று.

மாதா என்பது பாபிலோன் ராணி செமிராமிஸ், ஆயர்களின் தொப்பி பெலிஸ்தரின் தெய்வமான தாகோனின் மீன் வாய் என்றெல்லாம் யூடியூபில் வருவது இன்னும் பழசு. ஸ்காட்லாந்துப் போதகர் அலெக்சாண்டர் ஹிஸ்லப் 1850-களில் எழுதிய 'இரண்டு பாபிலோன்கள்' அதன் ஊற்று. ஒரே மாதிரி தெரிகிற இரண்டைக் காட்டி, ஒன்றிலிருந்துதான் மற்றது வந்தது என்பது அவர் முறை. ரால்ஃப் உட்ரோ என்ற அமெரிக்கப் போதகர் 1966-இல் இதையே சுருக்கி ஒரு புத்தகம் போட்டார், நன்றாக விற்றது. பிறகு மூல ஆதாரங்களைத் தேடிப் போனார், அவை ஹிஸ்லப் சொன்னதைச் சொல்லவில்லை. தன் புத்தகத்தைத் தானே நிறுத்தி, 1997-இல் மறுப்பும் எழுதினார். முதல் புத்தகத்தின் சரக்கு இன்னும் தமிழில் ஓடுகிறது, மறுப்பைத்தான் யாரும் மொழிபெயர்த்துக் கொடுப்பதில்லை.

ஆகஸ்ட் 30, இரவு 11.55

666 கேட்டீர்கள், வெளிப்படுத்தலில் வரும் மிருகத்தின் எண் போப்பைக் குறிக்கிறதா என்று. போப்பின் கிரீடத்தில் விக்காரியுஸ் ஃபீலீ தேயீ (தேவகுமாரனின் பிரதிநிதி) என்று லத்தீனில் இருக்கிறதாம், ரோம இலக்கமாகக் கூட்டினால் 112, 53, 501, மொத்தம் 666. கூட்டல் சரி. ஆனால் அது போப்பின் அதிகாரப்பூர்வப் பட்டம் இல்லை, பட்டம் விக்காரியுஸ் கிறிஸ்தி (கிறிஸ்துவின் பிரதிநிதி). அந்தச் சொற்றொடர் வருவது கான்ஸ்டன்டைன் கொடை என்ற எட்டாம் நூற்றாண்டுப் போலி ஆவணத்தில். இதே கணக்கை எலன் கூல்ட் ஒயிட் என்ற அட்வென்டிஸ்ட் தலைவியின் ஆங்கிலப் பெயருக்குப் போட்டாலும், டபிள்யூவை இரண்டு வி-யாக எண்ணினால், 666 வருகிறது. இந்தப் பிரசுரங்களை அதிகம் அச்சிட்டவர்களில் அட்வென்டிஸ்டுகளும் உண்டு.

ஆகஸ்ட் 31, மாலை 5.30

கத்தோலிக்க நண்பர்கள் குஷியாகிவிட்டார்கள், தனிமடலில் பாராட்டு. அதனால் உங்கள் பக்கத்து ஓட்டைகளும்.

"புரொட்டஸ்டண்டில் 33,000 சபைகள்" என்ற எண். 2001-இல் வந்த உலகக் கிறிஸ்தவக் கலைக்களஞ்சியத்திலிருந்து எடுத்தது. அதில் ஒவ்வொரு நாட்டிலும் ஒரு சபையைத் தனித்தனியாக எண்ணியிருக்கிறார்கள், அந்தக் கணக்கில் கத்தோலிக்கத் திருச்சபையே இருநூற்றுக்கும் மேல் வருகிறது. எடுத்து வீசினால் திரும்பி வரும்.

"கத்தோலிக்கம் என்ற பெயர் 110 வாக்கிலேயே இருக்கிறது." அந்தியோக்கியா இஞ்ஞாசியார் சிமிர்னாவுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது, உண்மைதான். ரோமாபுரி ஆயருக்குக் கீழ்ப்பட்ட அமைப்பு என்ற பொருளில் இல்லை, உலகளாவிய சபை என்ற பொருளில். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன்தான் கத்தோலிக்கத்தைத் தொடங்கினார் என்கிறவருக்கு இது நல்ல பதில். போப்பின் அதிகாரத்துக்கு இது பதில் ஆகாது.

"போப் தவறே செய்ய மாட்டார் என்று நாங்கள் சொல்வதில்லை" என்று மழுப்பாமல் நேராகச் சொல்லுங்கள்: 18 ஜூலை 1870-இல் முதல் வத்திக்கான் சங்கம் வரையறுத்தது, விசுவாசம், ஒழுக்கம் பற்றி எல்லாச் சபைக்கும் இறுதித் தீர்ப்பாக அறிவிக்கும்போது மட்டும். அதற்குப் பிறகு அப்படி வெளிப்படையாக வந்தது ஒன்று, 1 நவம்பர் 1950, மரியாளின் விண்ணேற்பு. அந்த ஒன்றுக்கு நேரடி வசனம் கேட்பார்கள், தயாராக இருங்கள்.

செப்டம்பர் 1, காலை 6.50

மரியாளுக்கு வேறு பிள்ளைகள் உண்டா? மாற்கு 6:3 யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்று சகோதரர் பெயர் சொல்கிறது. கத்தோலிக்கர் உறவுமுறை என்பார்கள். தமிழனுக்கு இது புரியும், பெரியப்பா மகன் அண்ணன்தான், சித்தி மகன் தம்பிதான், கசின் என்பது நமக்கு வந்த சொல். ஆனால் கிரேக்கத்துக்கு அந்தச் சாக்கு முழுசாகச் செல்லாது, அதில் ஒன்றுவிட்ட சகோதரனுக்கு அனெப்சியோஸ் என்று தனிச் சொல் இருக்கிறது, கொலோசெயர் 4:10-இல் வருகிறது. இன்னொரு பக்கம், லூத்தரும் மெதடிஸ்ட் ஜான் வெஸ்லியும் மரியாள் கடைசிவரை கன்னி என்றே நம்பினார்கள். இதை வைத்து யார் மெய்க் கிறிஸ்தவர் என்று அளந்தால் வெஸ்லி வெளியே போவார்.

செப்டம்பர் 1, காலை 7.10

"ஃபாதர் என்று கூப்பிடுவது மத்தேயு 23:9-க்கு விரோதம்" என்கிறவருக்கு: ஒரு வசனம் மேலே ஏறி பழைய மொழிபெயர்ப்பில் 23:8-ஐப் பாருங்கள். கிறிஸ்து ஒருவரே உங்களுக்குப் போதகர். பிறகு உங்கள் சபை வாசல் போர்டையும் பாருங்கள்.

செப்டம்பர் 2, இரவு 9.30

இதுவரை பேசியதெல்லாம் வேலியோரம். நடு வயல் இரண்டு.

ஒன்று, இரட்சிப்பு. "ஆர்.சி. கிரியையால் மோட்சம் சம்பாதிக்கிறார்கள்" என்பதைத் திரெந்தே சபித்திருக்கிறது. 13 ஜனவரி 1547 தீர்மானத்தின் முதல் விதி, கிருபை இல்லாமல் தன் செயல்களால் மனிதன் நீதிமானாகலாம் என்கிறவனை விலக்குகிறது. "விசுவாசம் மட்டும்" என்ற சொற்சேர்க்கை வேதத்தில் ஒரே இடத்தில், யாக்கோபு 2:24-இல், அதுவும் மறுப்பாக வருகிறது. ரோமர் 3:28-இல் லூத்தர் ஜெர்மனில் "மட்டும்" என்று சேர்த்தார், மறைக்கவில்லை, 1530-இல் காரணமும் எழுதினார். உண்மையான வித்தியாசம் இதற்கு அடியில்: நீதி நமக்குக் கணக்கில் வைக்கப்படுகிறதா, உள்ளே ஊற்றப்படுகிறதா, பெற்றதை இழக்க முடியுமா, இரட்சிக்கப்பட்டேன் என்று இன்றே நிச்சயமாகச் சொல்லலாமா. 31 அக்டோபர் 1999-இல் ஆக்ஸ்பர்க்கில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கமும் அடிப்படையில் உடன்பட்டுக் கையெழுத்திட்டன. 2006-இல் மெதடிஸ்ட், 2017-இல் சீர்திருத்தச் சபைகள் சேர்ந்தன. ரோட்டில் பிரசுரம் கொடுப்பவர் இதில் எதிலும் உறுப்பினர் இல்லை, அதனால் அவரிடம் இந்தத் தாளைக் காட்டிப் பயனில்லை.

இரண்டு, யார் சொல்வது முடிவு. கிரேக்கத்தில் பாரதோசிஸ் என்ற ஒரே சொல். மாற்கு 7:8-இல் பழைய மொழிபெயர்ப்பு அதை "மனுஷருடைய பாரம்பரியம்" என்கிறது. 2 தெசலோனிக்கேயர் 2:15-இல் பவுல் அதையே கைக்கொள்ளச் சொல்லும்போது "முறைமைகள்" என்று போட்டிருக்கிறது. தமிழ் வேதாகமத்தை மட்டும் வாசிப்பவருக்குப் பாரம்பரியம் என்றாலே பரிசேயர் சமாச்சாரம் என்று படிவதில் ஆச்சரியம் இல்லை. மொழிபெயர்ப்பாளர் சதி செய்தார் என்று சொல்லவில்லை, இடத்துக்கேற்ப எடுத்தார். ஆனால் அந்த ஒரு தேர்வு எத்தனை திண்ணைச் சண்டையை முன்கூட்டியே முடித்துவைத்திருக்கிறது!

செப்டம்பர் 4, இரவு 8.40

கேள்வி கேட்டவர் இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறார்: வீட்டில் கல்யாணப் பேச்சு, பெண் ஆர்.சி., பையன் சபை (பெந்தெகொஸ்தே மாதிரி). முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

முதல் வேலை, பையன் ஞானஸ்நானம் பெற்றவரா என்று பாருங்கள். இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, பிரதிஷ்டை ஜெபம் மட்டும். பாட்டுக்குழுவில் கிதார் வாசிக்கும் இருபத்தெட்டு வயதுப் பையன் இன்னும் முழுக்கு எடுக்காமல் இருக்கலாம். அப்படியானால் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி அவர் ஞானஸ்நானம் பெறாதவர், எண் 1086, ஆயரின் விதிவிலக்கு இல்லாமல் திருமணமே செல்லாது. பெற்றவர் என்றால் 1124, ஆயரின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாவிட்டால் விதிமீறல், ஆனால் அதனால் மட்டும் செல்லாமல் போகாது. இரண்டும் ஒரே படிவம் என்று நினைத்து மாற்றி எழுதிக் கொடுத்தால் பிறகு தலைவலி.

இரண்டாவது, எந்த வாய்ப்பாட்டில். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரில், தண்ணீரில் என்றால் கத்தோலிக்கம் ஏற்கும், மறுபடி கொடுக்காது. "இயேசுவின் நாமத்தில்" மட்டும் கொடுக்கும் சபைகள் உண்டு, அது செல்லாது. சபைச் சான்றிதழில் பெரும்பாலும் "ஞானஸ்நானம் பெற்றார்" என்று மட்டும் இருக்கும், வாய்ப்பாடு இருக்காது. பாஸ்டரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். அவர் தரமாட்டார் என்றால் எண் 876: நம்பத்தகுந்த ஒரு சாட்சி போதும், வயதுவந்தபின் பெற்றவராக இருந்தால் அவருடைய சத்தியமே போதும்.

மூன்றாவது, வாக்குறுதி. பெண் மட்டும் கொடுக்க வேண்டும்: தன் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் இயன்றதெல்லாம் செய்வேன் என்று. பையனிடம் கையெழுத்துக் கேட்பது 1970-க்கு முந்தின பழக்கம். இப்போது பெண் இப்படி வாக்குக் கொடுத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிவித்தால் போதும். "என்னை மதம் மாறச் சொல்கிறார்கள்" என்ற பேச்சு பெரும்பாலும் இந்தக் காகிதத்தைப் படிக்காமல் வருவது.

நான்காவது, காலையில் கோயில், மாலையில் சபை என்று இரண்டு முறை சம்மதம் சொல்வதை 1127-இன் மூன்றாம் பிரிவு தடுக்கிறது. சபையில் நன்றி ஜெபம், பாட்டு, விருந்து தாராளமாக வைக்கலாம், உடன்படிக்கை மறுபடி வாங்கக் கூடாது. இதைப் பாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லாமல் மேடையில் போய் விழித்தவர்கள் உண்டு.

தாலி பற்றிப் பயப்பட வேண்டாம். சபைக்காரர் 1 தீமோத்தேயு 2:9 காட்டித் தாலியும் நகையும் கூடாது என்பார், பெண் வீட்டார் தாலி மந்திரிக்காவிட்டால் கல்யாணமா என்பார்கள். சட்டத்தில் திருமணத்தை உண்டாக்குவது இருவரின் சம்மதம், எண் 1057. தாலியும் மோதிரமும் இல்லாமலும் அது செல்லும். வீட்டுப் பெரியவர்களிடம் செல்லுமா என்பதற்குச் சட்டத்தில் எண் இல்லை.

பெண்ணின் திருமுழுக்குச் சான்றிதழ் பொதுவாக ஆறு மாதத்துக்குள் புதிதாக எடுத்ததாகக் கேட்பார்கள். ஓலை (கோயிலில் படிக்கும் திருமண அறிவிப்பு) மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆயரகத்துக் கடிதம் கையில் இருக்கட்டும்.

செப்டம்பர் 5, காலை 7.30

பின்குறிப்பு. "பெண்ணே சபைக்குப் போய் முழுக்கு எடுத்துவிட்டால் இந்தப் பாடு இல்லையே" என்று ஒருவர். 1983 சட்டத்தில் முறைப்படி விலகியவருக்கு ஒரு விலக்கு இருந்தது. 26 அக்டோபர் 2009 ஆணையால் அதை எடுத்துவிட்டார்கள். கத்தோலிக்கக் கணக்கில் அவள் இன்னும் கத்தோலிக்கப் பெண், விதிவிலக்கு வாங்காமல் சபையில் கட்டினால் அந்தத் திருமணம் செல்லாது. பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

செப்டம்பர் 8, மதியம் 2.15

அனுமதி கிடைத்துவிட்டதாம், சந்தோஷம். திருப்பலி இல்லாத திருமணச் சடங்கையே கேளுங்கள், கலப்புத் திருமணத்துக்கு அதுதான் வழக்கம். நற்கருணை நேரத்தில் பாதிச் சொந்தம் எழுந்து போய் பாதி உட்கார்ந்திருக்கும் காட்சி மிச்சம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள், கர்த்தர் கற்பித்த ஜெபம். ஆர்.சி. பக்கம் "தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்" என்றதும் ஆமென் போட்டு நிறுத்திவிடும். பையன் பக்கம் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தொடரும். நடுவில் ஒரு தடுமாற்றம், பிறகு எல்லார் முகத்திலும் ஒரு அசட்டுச் சிரிப்பு. அந்த வரி மத்தேயுவின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை, ஆனால் முதல் நூற்றாண்டை ஒட்டிய திதாக்கே நூலில் அதைப் போன்ற ஒன்று இருக்கிறது, கத்தோலிக்கத் திருப்பலியிலும் குருவின் ஒரு மன்றாட்டுக்குப் பிறகு வருகிறது. அதனால் சொல்வதில் யாருக்கும் தோஷமில்லை. சடங்குப் புத்தகம் அச்சுக்குப் போகும் முன் சாமியாரையும் பாஸ்டரையும் கேட்டு, ஆமென் எந்த வரிக்குப் பிறகு என்று தடித்த எழுத்தில் போட்டுவிடுங்கள். "பிதாவே"யா "தந்தையே"யா என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.